கண்ணாடிக்குள் ஒரு நிலவறை

அந்தத் தாள் இன்றும் அவரிடம் இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு நட்சத்திர விடுதியின் பெயர் அச்சிட்ட குறிப்புத்தாள். மடித்த இடம் பழுப்பேறிவிட்டது. 2010ஆம் ஆண்டு ஜனவரியில், விடுதியின் மதுக்கூடத்தில் ஓர் ஒயின் சுவர் எழுப்புவது பற்றி முதல் கூட்டம் நடந்தது. பொது மேலாளர் அந்தத் தாளின் இடப்பக்கத்தில் தமக்கு வேண்டியதை எழுதினார்: உயரம், வெளிச்சம், கூட்டம், இசை. பக்கத்தில் இருந்த சொமெலியே, அதாவது ஒயின் தேர்ந்தெடுத்துப் பரிமாறுவதற்கென்றே உள்ள தலைமைப் பணியாளர், பேனாவை வாங்கி வலப்பக்கத்தில் எழுதினார்: குளிர், இருட்டு, ஈரம், அசைவின்மை. பிறகு தாளை வடிவமைப்பாளரின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

புதுச்சேரியில் பிறந்து சென்னையில் கட்டடக்கலை படித்த அந்தப் பெண், உள்ளரங்க வடிவமைப்பு வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. உணவகம், நகைக்கடை, நூலகம் என்று பலவற்றுக்கும் வரைந்து கொடுத்திருந்தார். ஒயின் சேமிக்கும் இடம் அதுதான் முதல் முறை. வலப்பக்கப் பட்டியலைப் படித்ததும், மாடிப்படிக்கு அடியில் அம்மா வரிசையாக வைத்திருக்கும் ஊறுகாய் ஜாடிகள் அவருக்கு நினைவுக்கு வந்தன. வெயில் படக் கூடாது, ஈரக்கை படக் கூடாது, அடிக்கடி இடம் மாற்றக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆனால் அந்த ஜாடிகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தன. இங்கே கட்ட வேண்டியதோ, வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் பட வேண்டிய சுவர்.

இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. அடுத்த 14 மாதங்கள் அவர் செய்ததெல்லாம், அந்த எட்டுச் சொற்களையும் ஒரே சுவரில் குடியேற்றப் பார்த்ததுதான்.

மேலாளர் ஒரு புகைப்படத்தோடு வந்திருந்தார். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், மேண்டலே பே விடுதியில் 1999இல் திறக்கப்பட்ட 'ஆரியோல்' உணவகத்தின் ஒயின் கோபுரம் அது. சமையற்கலைஞர் சார்லி பாமரின் அந்த உணவகத்தை வடிவமைத்தவர் ஆடம் டிஹானி. நான்கு மாடி உயரம், 42 அடி. உள்ளே ஏறத்தாழ 10,000 பாட்டில்கள். அந்நாளில் அங்கே விருந்தினர் ஒரு ஒயினைக் கேட்டால், இடுப்பில் வார் பூட்டிய பணிப்பெண் ஒருவர் கம்பியில் மேலே பறந்துபோய் அந்தப் பாட்டிலை எடுத்துவருவார். அவர்களுக்கு 'ஒயின் தேவதைகள்' என்றே பெயர் இருந்தது. 'மிஷன்: இம்பாசிபிள்' படத்தில் டாம் குரூஸ் கூரையிலிருந்து கம்பியில் இறங்குகிற காட்சிதான் டிஹானிக்கு இந்த யோசனையைக் கொடுத்தது. பின்னால் லண்டனுக்கு அருகே ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தை ஒட்டிய ராடிசன் விடுதியிலும் 13 மீட்டர் உயரத்தில் இப்படியொரு கண்ணாடிக் கோபுரம் எழுந்தது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சிங்கப்பூரிலேயே, பூகிஸ் பக்கத்தில் 2002இல் கட்டி முடித்த பார்க்வியூ ஸ்குவேர் கட்டடத்தின் தரைத்தளத்தில் அப்போது ஓர் ஒயின் கோபுரம் இருந்தது. இன்று 'அட்லஸ்' மதுக்கூடம் ஜின் பாட்டில்களை அடுக்கி வைத்திருக்கும் அதே கூடம்தான். அங்கேயும் தேவதை உடையில் பெண்கள் கம்பியில் ஏறி இறங்கினார்கள். வடிவமைப்பாளர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே போய், எலுமிச்சைச் சோடா ஒன்றை வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கோபுரத்தைவிடக் கூடத்தில் இருந்த மனிதர்களையே அதிகம் கவனித்தார்.

உள்ளே நுழைந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு தங்கள் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒரு பெண் கம்பியில் எழும்பியபோதுதான் கூடம் முழுதும் பேச்சை நிறுத்தியது. அவர் பாட்டிலோடு கீழே வந்து எந்த மேசைக்குப் போகிறார் என்று எல்லாக் கண்களும் பின்தொடர்ந்தன. அன்றிரவு வீடு திரும்பியதும் வடிவமைப்பாளர் குறிப்பேட்டில் எழுதிய ஒரே வரி: 'எடுத்து வருவதுதான் காட்சி.' சுவர் எவ்வளவு பெரியது என்பதைவிட, ஒரு மனிதக் கை ஒரு பாட்டிலைத் தேடிப்போய்த் தொடுவதைப் பார்க்கத்தான் மக்கள் விரும்புகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த ஒரு வரி வேலையைப் பாதி எளிதாக்கியது. விடுதி மதுக்கூடத்தின் உயரம் 6 மீட்டர்தான், பறக்க இடமில்லை. அவர் 4.5 மீட்டர் உயரமும் 6 மீட்டர் அகலமும் உள்ள கண்ணாடி அறை ஒன்றை வரைந்தார். உள்ளே ஒரு பித்தளைத் தண்டவாளம். அதில் ஓடும் ஒரு மர ஏணி. பழைய நூலகங்களில் மேல்தட்டுப் புத்தகம் எடுக்க வைத்திருப்பார்களே, அதேபோல. மேலாளர் முதலில் முகம் சுளித்தார். பறக்கும் பெண்ணைக் கேட்டவருக்கு ஏணியைக் காட்டினால் வேறென்ன செய்வார்? ஆனால் கம்பியில் ஆளை ஏற்றுவதற்கான பயிற்சி, காப்பீடு, தினசரிச் சோதனை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுக் காட்டியபோது ஏணி நிலைத்துவிட்டது.

அடுத்து பாட்டில். எல்லா ஒயின் பாட்டிலும் ஒரே அளவு என்றுதான் அவர் நினைத்திருந்தார். கொள்ளளவு 750 மில்லிலிட்டர், அது பொது. உடம்பு வேறு. நேரான தோள் கொண்ட போர்தோ பாட்டில் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர் விட்டம். சரிந்த தோள் கொண்ட பர்கண்டி 8 சென்டிமீட்டரைத் தாண்டும். உள்ளே ஐந்தாறு மடங்கு காற்றழுத்தத்தைத் தாங்க வேண்டிய ஷாம்பெயின் பாட்டில், தடித்த கண்ணாடியோடு 9 சென்டிமீட்டரைத் தொடும். ஒட்டுப்பலகையில் 8 சென்டிமீட்டர் துளைகள் போட்ட மாதிரித் தட்டு ஒன்றைச் செய்து சொமெலியேயிடம் எடுத்துப் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் நான்கு பாட்டில்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் செருகினார். போர்தோ லொடலொடவென்று ஆடியது. பர்கண்டி பாதியில் நின்றது. ஷாம்பெயின் வாசலிலேயே நின்றுவிட்டது.

அவமானமாக இருந்தாலும் அந்த நிமிடத்தில் அவருக்கு ஒரு பழைய காட்சி தெளிந்தது. பள்ளிக்கூட நாளில் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார்கள். ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி எடுத்த மண்கலச் சில்லுகளை, ரோமானியக் கடல் வணிகத்தின் ஒயின் சாடிகளான ஆம்போராக்களின் உடைந்த துண்டுகள் என்று ஆசிரியை காட்டினார். யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறும் பேசுகிறது என்றும் சொன்னார். அந்தச் சாடிகளுக்குத் தட்டையான அடி கிடையாது, கூர் அடி. தானாக நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றின் தோளிடுக்கில் இன்னொன்றின் கூர் அடியைச் செருகி அடுக்குவதற்கென்றே அப்படி வனைந்தார்கள். எப்படி அடுக்குவது என்பது சாடியின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. இங்கே பாட்டிலின் வடிவம் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. அடுக்குதான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். துளைத் தட்டை ஒதுக்கிவிட்டு, இரண்டு எஃகுத் தண்டுகள் பாட்டிலின் கழுத்தையும் உடலையும் தாங்குகிற தொட்டில் முறைக்கு அவர் மாறினார். எந்த விட்டமும் அதில் படுக்கும்.

படுக்கத்தான் வேண்டும். தக்கை போட்ட பாட்டிலை நிற்கவைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும், ஒயின் கெடும். படுக்கவைத்தால் ஒயினே தக்கையை நனைத்து வைத்திருக்கும். பெயர்ச்சீட்டு மேலே பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சொமெலியேதான் கற்றுக்கொடுத்தார். பெயர் படிக்கப் பாட்டிலைச் சுழற்ற வேண்டியிருக்காது. பழைய சிவப்பு ஒயினில் படியும் வண்டலும் கலங்காமல் அடியிலேயே கிடக்கும்.

எடைக்கு வந்தால், நிறைந்த பாட்டில் ஒன்று ஏறத்தாழ 1.3 கிலோ. 1,200 பாட்டில்களுக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். எஃகும் கண்ணாடியும் தனி. கீழே வாகன நிறுத்தம். தளம் அவ்வளவு தாங்காது என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்லிவிட்டார். சுவர் முழுதும் ஒன்றரை மீட்டர் நகர்ந்து, உத்தரத்துக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தது.

குளிரூட்டும் பொறுப்பை ஏற்றவர் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வரும் ஒரு தமிழர். ஐம்பது வயதைத் தாண்டியவர். 30 ஆண்டுகள் ஏர்கான் வேலை. வடிவமைப்பாளர் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டார். ஒற்றைக் கண்ணாடி, சட்டமே தெரியாத விளிம்பு, கண்ணாடியை ஒட்டி மேலிருந்து கீழே இறங்கும் குளிர்காற்று என்று வரைபடத்தில் இருந்ததைப் பார்த்தவுடனே அவர் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, இது வேர்க்கும்மா."

"உள்ளே 13 டிகிரிதானே அண்ணே? ஃபிரீசர் இல்லையே?"

"உள்ளே எவ்வளவுன்னு கேக்காதீங்க. வெளியில இருக்கிற காத்துல எவ்வளவு தண்ணி இருக்குன்னு கேளுங்க."

மேலாளருக்குக் கண்ணாடி மெலிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். இரட்டைக் கண்ணாடி விலையும் கூட. ஒற்றைக் கண்ணாடியே முடிவானது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் வடிவமைப்பாளர். அந்தத் தவறு தன்னுடையது என்று இன்றும் சொல்கிறார்.

டிசம்பரில் சோதனை ஓட்டம் தொடங்கியது. சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழைக் காலம். மூன்று நாள்கள் சுவர் அழகாக நின்றது. நான்காம் நாள் மாலை நல்ல மழை. வரவேற்புக் கூடத்தில் ஒரு சுற்றுலாக் குழு வந்து இறங்கியது. பெட்டிகளை உள்ளே கொண்டுவர வாசல் கதவு அரை மணி நேரம் திறந்தே கிடந்தது. அவர் மதுக்கூடத்தின் மறுகோடியில் நின்று விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கண்ணாடியின் மேல்விளிம்பில், குளிர்காற்று வந்து அடிக்கும் இடத்தில், யாரோ மூச்சு விட்டதுபோல ஒரு மங்கல். அது கீழே இறங்கியது. பாட்டில்களின் பெயர்ச்சீட்டுகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன. பிறகு மங்கல் திரண்டு துளியானது. துளிகள் சேர்ந்து கோடுகளாக ஓடின. பதினைந்து நிமிடத்தில் 6 மீட்டர் கண்ணாடி முழுதும் அழுதது. தரையின் தேக்குப்பலகை நனையாமல் இருக்க, பணியாளர்கள் சாப்பாட்டு மேசைத் துணிகளைச் சுருட்டி அடியில் போட்டார்கள்.

அண்ணன் அன்றிரவே வந்தார். திட்டாமல், ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 24 டிகிரி வெப்பமுள்ள கூடத்தில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், ஏறத்தாழ 16 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். அதுதான் பனிநிலை. மழைக் காற்று புகுந்து ஈரப்பதம் 75 ஆகிவிட்டால் பனிநிலை 19 டிகிரிக்கு ஏறிவிடும். உள்ளே 13, வெளியே 24 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் 16, 17 டிகிரியில் நிற்கும். மற்ற நாளில் தப்பிக்கும். மழை நாளில் தப்பாது. இடையில் காற்றடைப்புள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால் வெளிமுகம் 20 டிகிரிக்கு மேல் போகும். அவ்வளவுதான் கணக்கு. ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். லாஸ் வேகஸ் பாலைவன நகரம், அங்கே காற்று வறண்டது. அங்கே எடுத்த புகைப்படத்தைக் கொண்டுவந்து நிலநடுக்கோட்டுக்கு அருகில் வைத்தால், கூடவே இந்த ஊரின் காற்றும் கணக்கில் வந்து உட்காரும். இதை முன்கூட்டியே சொன்னவரின் பேச்சு கூட்டக் குறிப்பில்கூடப் பதிவாகவில்லை என்பதுதான் வடிவமைப்பாளரை அதிகம் உறுத்தியது.

இரட்டைக் கண்ணாடி வந்தது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ. கண்ணாடியின் எடை இரு மடங்கானதால் பொறியாளர் மறுபடி கணக்குப் போட்டார். குளிர்காற்று கண்ணாடியை ஒட்டி விழாமல் பின்சுவர் வழியாக மெல்ல ஏறும்படி அண்ணன் குழாய்களைத் திருப்பினார். கம்ப்ரஸர் மொட்டைமாடிக்குப் போனது. மதுக்கூடத்தின் ஒலிபெருக்கிகள் எதிர்ச்சுவருக்குப் போயின. வலப்பட்டியலில் குளிர், ஈரம், அசைவின்மை மூன்றும் தேறின. இருட்டு மட்டும் பாக்கி.

வெளிச்சம் ஒயினைக் கெடுக்கும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் ஒயினில் உள்ள ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமினைத் தூண்ட, அது கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைச் சிதைக்கிறது. வெந்த முட்டைக்கோஸ் போல நாற்றம் வரும். 'வெளிச்சச் சுவை' என்று பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அடர்நிறப் பாட்டில் ஓரளவு காக்கும். நிறமற்ற பாட்டிலுக்குக் காப்பே இல்லை. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்காக லூயி ரோடரர் நிறுவனம் 1876இல் உருவாக்கிய 'கிரிஸ்டல்' ஷாம்பெயின் நிறமற்ற பாட்டிலில் வருவது. அதனால்தான் இன்றும் அதைப் பொன்னிறத் தாளில் சுற்றி விற்கிறார்கள்.

மேலாளருக்கோ ரோஜா நிறத்து ரோசே ஒயின்கள் சுவரின் நடுவில் விளக்கொளியில் மின்ன வேண்டும். பார்வைக்கு அவற்றைவிட அழகானவை இல்லை. விரைவில் கெடுபவையும் அவையே. மேல்வரிசைகளில் சாயநீர் நிரப்பிய போலிப் பாட்டில்கள் வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். சொமெலியே மறுத்துவிட்டார். விருந்தினர் விரல் நீட்டிக் கேட்கும் எந்தப் பாட்டிலையும் எடுத்துத் தர முடிய வேண்டும், இல்லையென்றால் அது ஒயின் சுவரே இல்லை என்றார். வடிவமைப்பாளர் அவர் பக்கம் நின்றார்.

வழி, விடுதியின் விற்பனைப் பதிவேட்டில் இருந்தது. எந்த ஒயின் எத்தனை நாளில் விற்றுத் தீர்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துபோகும் ஒயின்களில், அடர்பச்சைப் பாட்டிலில் வருபவை கண்மட்டத்துக்கு மேல் விளக்கடியில். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய போர்தோவும் பர்கண்டியும் இடுப்புக்குக் கீழே, விளக்கே இல்லாத வரிசைகளில். ரோசேயும் மற்ற நிறமற்ற பாட்டில்களும் பித்தளைக் கைப்பிடி போட்ட மூடிய இழுப்பறைகளில். புற ஊதாக் கதிரை வடிக்கும் படலம் வைத்த அடுக்குக் கண்ணாடி. நீலம் குறைந்த, மஞ்சள் சாய்ந்த எல்இடி விளக்குகள். மதுக்கூடம் மூடியதும் அவை தாமாக அணையும். சுவரின் மேற்பாதி ஒளிரவும் கீழ்ப்பாதி இருளில் கரையவும், தூரத்திலிருந்து பார்த்தால் பாட்டில்கள் இருட்டிலிருந்து எழுந்து வருவதுபோலத் தெரிந்தது. பார்த்தவர்கள் அதை ஒரு கலை உத்தி என்று பாராட்டினார்கள். அது ஒயினுக்காகச் செய்தது.

2011 மார்ச்சில் மதுக்கூடம் திறந்தது. முதல் இரவு ஒரு வயதான தம்பதி தங்கள் திருமண ஆண்டின் ஒயின் இருக்கிறதா என்று கேட்டார்கள். இளம் பணிப்பெண் ஒருவர் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போனார். ஏணியை அவர் தொடவே இல்லை. முழங்காலிட்டு, கீழ்வரிசையின் இருட்டுக்குள் ஒரு சிறு கைவிளக்கைப் பிடித்து, பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் போனார். கூடத்தில் பேச்சு அடங்கியது. அவர் ஒரு பாட்டிலை, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல, படுத்த வாக்கிலேயே இரு கையாலும் எடுத்தபோது, மேலாளர் வடிவமைப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

அதன் பிறகு அவர் நான்கு விடுதிகளுக்கு இப்படிச் சுவர்கள் அமைத்துக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் முதல் கோடு போடுவதற்கு முன்பே சொமெலியேயையும் குளிரூட்டுபவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறார். அவர்கள் பேசுவதைக் கூட்டக் குறிப்பில் எழுதவைக்கிறார். ஜொகூர் அண்ணன் ஓய்வு பெறும்வரை அந்த மேசையில் முதல் நாற்காலி அவருக்குத்தான்.

உங்கள் பயணத்தில் எங்காவது இப்படியொரு சுவரின் முன் நிற்க நேர்ந்தால், படம் எடுத்த பிறகு, கண்ணாடியில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மழை நாளிலும் அது உலர்ந்திருந்தால், உள்ளே இருக்கும் ஒயினைப் பற்றி யாரோ அக்கறையோடு யோசித்திருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம் கூட நின்றுவிட்டுப் போங்கள்.